வான்கோழி நைனாவின் பச்சை நகம்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை எத்தனை தடவை சலித்தாலும், ஒரே ஒரு விரலில் பச்சை நெயில் பாலிஷ் போட்டுக்கொண்டு பவர் பிரஸ் ஓட்டிய மனிதர் இன்னொருவர் அகப்படமாட்டார். வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஏதோ பெயர் இருந்தது. எங்களுக்கு அவர் வான்கோழி நைனா.

வீடு ஆரணியில். பட்டுக்குப் பேர்போன ஆரணி இல்லை, கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஆரணி. பிராய்லரை ஒழித்து, ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் வான்கோழியை ஏற்றியே தீருவது என்று முடிவெடுத்திருந்தார். மேய விட்டால் புல், பூச்சி என்று பாதித் தீனியை அதுவே தேடிக்கொள்ளும், ஒன்றை அறுத்தால் நாலு வீடு தின்னும் என்று கம்பெனி பஸ்ஸில் தினம் பிரசங்கம். தூங்குகிறவர்களையும் எழுப்பிச் சொல்வார்.

முதலில் வாங்கிய இருபது குஞ்சும் ஒரே வாரத்தில் செத்தன. நோய் கிடையாது. தட்டு நிறையத் தீவனம், பக்கத்திலேயே பட்டினி. கோழிக்குஞ்சு மாதிரி வான்கோழிக் குஞ்சு தானாகக் கொத்தாது. தின்னவே சொல்லித்தர வேண்டும். இரண்டாவது பெட்டியில் பதினெட்டுக் குஞ்சு வந்தபோது அவர் மனைவி கறாராகச் சொல்லிவிட்டார்.

"இதுவும் பூட்ச்சின்னா கொட்டாயில நான் ஆடு கட்டிடுவேன். அப்பால வான்கோழின்னு வாயத் தொறக்கக் கூடாது."

நைனா கால்நடை டாக்டரிடம் ஓடினார். பச்சை நிறத்தைக் கண்டால் குஞ்சு கொத்தும், தட்டில் விரலால் தட்டிக் காட்டுங்கள் என்றார் டாக்டர். வேறு யாராயிருந்தாலும் பச்சைத் தட்டு ஒன்று வாங்கியிருப்பார்கள். நைனா வாங்கியது நெயில் பாலிஷ்.

மறுநாள் கேன்டீனில் கையுறையைக் கழற்றியதும் மொத்த செக்‌ஷனும் சிரித்தது. யாருக்கு நைனா நிச்சயதார்த்தம் என்றார் சூப்பர்வைசர்.

"பதினெட்டு உசுரு இந்த ஒரு நகத்த நம்பிக்கினு கீது சார். நீங்க சிரிங்க, நான் கழுவ மாட்டேன்."

லீவு கிடைக்கவில்லை. விடியுமுன் இரண்டு மணி நேரம் தட்டினார். வீடு திரும்பித் தட்டினார். நடுவில் குஞ்சுகளுக்கு யார்? மனைவியிடம் கெஞ்சியதில் கிடைத்தது வசவுதான். மூன்றாம் நாள் காலை இரண்டு குஞ்சுகளுக்குத் தலை தொங்கிவிட்டது. ஷிஃப்ட் முடிந்ததும் என் பைக்கில் ஏறி, "முறுக்கு தம்பி" என்றார். வழியெல்லாம் என் முதுகில் அவர் விரல் தட்டிக்கொண்டே வந்தது.

கொட்டாய் வாசலில் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே அவர் மனைவி குந்தியிருந்தார். பத்து விரல் நகமும் பச்சை. தட்டுகிறார், திட்டுகிறார், மறுபடி தட்டுகிறார். சுற்றிலும் குஞ்சுகள் மும்முரமாகக் கொத்திக்கொண்டிருந்தன.

"இன்னாயா வேடிக்க பாத்துக்கினு நிக்கிற? அந்தாண்ட ரெண்டு இன்னும் திங்கல, நீ போயித் தட்டு."

பதினெட்டும் பிழைத்தன. அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் செக்‌ஷனே வான்கோழி பிரியாணி தின்றது. சூப்பர்வைசர் மூன்று முறை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அடுத்த வருடம் என் ஒப்பந்தம் முடிந்ததாகச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாக டிப்ளமோ வாங்கியவன், வேலையில்லாமல் எந்த முகத்தோடு போய் நிற்பது? கேன்டீனில் சோற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எதிரே நைனா வந்து அமர்ந்தார். அந்த வாரம் புதுக் குஞ்சுப் பெட்டி வந்திருந்தது போல. என் தட்டின் விளிம்பில் ஒரு பச்சை நகம் டொக், டொக் என்று தட்டியது.

நான் சாப்பிட்டு முடிக்கும்வரை நிறுத்தவில்லை.