இருநூற்று எண்பது கிராம்

“ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு இருநூத்தி எண்பது கிராம் சாப்பாடு. அதுக்கு மேல ஒரு கிராம் தூக்குறவன் மலையேறுறவன் இல்லை, சரக்கு லாரி!”

இந்தத் திருவாக்கு எந்தச் சபையில் உதிர்ந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இதை உதிர்க்கிற இனத்தைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். காட்டுக்குள் நடந்துபோய் ஒரு ராத்திரி கூடாரத்தில் தங்கிவிட்டு வரலாம் என்று நாலு பேர் கிளம்பினால், அந்த நாலு பேரில் ஒருவர் கட்டாயம் எடைப்பித்தராக இருப்பார். மற்ற மூன்று பேரும் மலையைப் பார்ப்பார்கள். இவர் மூன்று பேரின் முதுகையும் பார்ப்பார். “பை எத்தனை கிலோ?” என்பதுதான் இவர் அகராதியில் வணக்கம். நீங்கள் என்ன எண் சொன்னாலும் ஒரு பெருமூச்சு விடுவார். கைதவறிக் குழந்தையைக் கீழே போட்டவனைப் பார்த்து ஊரார் விடுவார்களே, அந்தப் பெருமூச்சு.

நம்முடையவர் மருந்துக்கடைக்காரர். கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு மின்தராசு உண்டு. அது வேலை நேரத்தில் மருந்துக்கு, மற்ற நேரத்தில் மலைக்கு. தெருவில் அவருக்குத் ‘தராசு’ என்றே பெயர். அவருக்கும் அது தெரியும். உள்ளூரப் பெருமையும் உண்டு. ஒன்றை மட்டும் அந்தத் தராசில் வைத்ததில்லை, வைக்கவும் முடியாது: சட்டையின் நாலாவது பொத்தானை முன்னால் தள்ளிக்கொண்டு, அவருக்கு அரையடி முன்னதாகவே எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடுகிற அவருடைய தொப்பை. அது மலையேறும்போது யார் கணக்கில் ஏறும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆனை போவது தெரியாது, பூனை போவது தெரியும் என்பார்களே. இவருக்குப் பூனையின் மீசை போவதுகூடத் தெரியும்.

பயணத்துக்கு முந்தைய வாரம் இவர் வீட்டுக்கு நீங்கள் போயிருக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் தராசை வைத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஊறவைத்த பாதாமை ஒவ்வொன்றாகத் தோலுரித்து, உரித்ததைத் துடைத்து, துடைத்ததை வெயிலில் காயவைத்து, காய்ந்ததை மறுபடி நிறுத்து, எழுதி வைப்பார். உலர்ந்த திராட்சையின் காம்பைக் கிள்ளுவார். தேநீர்ப் பொட்டலத்தின் நூலையும் நூல் நுனியில் தொங்குகிற காகிதத் துண்டையும் கத்தரிப்பார்.

“நூலை வெட்டிட்டா, கொதிக்கிற தண்ணியிலேர்ந்து எப்படி வெளியே எடுப்பீங்க?” என்று மனைவி கேட்டாள்.

“ஒரு நூல் பாயின்ட் ரெண்டு கிராம்.”

“நான் அதைக் கேக்கல.”

“பத்து நூல் ரெண்டு கிராம்!”

கேட்ட கேள்விக்கு இது பதிலா? அல்ல. ஆனால் இந்த இனத்திடம் எந்தக் கேள்வி கேட்டாலும் எடைதான் பதிலாக வரும்.

பொட்டலங்களின் மேல் பெயர் ஒட்டலாமா என்று மனைவி கேட்டதற்கும் இதே கதிதான். பசைத்தாளுக்கும் எடை உண்டாம். ஆகவே கண்ணாடி போன்ற சின்னப் பைகளில், முகவரி இல்லாமல், ஒரு ஆளின் ஒரு ராத்திரியும் மறுநாள் நடுப்பகலும் அடங்கிக் கிடந்தன: ஓட்ஸ் எண்பத்து நாலு கிராம், காய்கறி சூப்புப் பொடி ஐம்பத்திரண்டு, நிர்வாணப் பாதாம் அறுபத்தொன்று, மொட்டைத் திராட்சை ஐம்பத்தெட்டு, பால்பொடி இருபத்து நாலு. இரவுக்குச் சூப்பு, காலைக்கு ஓட்ஸ், மதியத்துக்குக் கொறிப்பு. ஆகமொத்தம் இருநூற்று எண்பது.

இவருக்கு உலகத்தில் ஒரே ஒரு ஜென்மப் பகை உண்டு. உருளைக்கிழங்கு. “அதுல முக்கால் பங்குக்கு மேல தண்ணி. மலையில தண்ணி ஓடுது. ஓடுற தண்ணிக்குப் பக்கத்துல தண்ணியை முதுகுல சுமந்துட்டுப் போறவனை என்னன்னு சொல்றது?” என்று கடைக்கு இருமல் மருந்து வாங்க வந்தவர்களிடமெல்லாம் கேட்பார். இருமிக்கொண்டிருப்பவர் என்ன பதில் சொல்வார்? இருமுவார். அதையே ஆமோதிப்பாக எடுத்துக்கொள்வார்.

இனி திருவாக்கு உதிர்ந்த சபைக்கு வருவோம். அந்த வட்டாரத்தில் ஒரு நடைக்குழு இருந்தது. அதன் தலைவி, மருத்துவமனையின் தலைமை நர்ஸ். வார்த்தையை ஊசி மருந்தைப் போலத் தேவையான அளவுக்கு மேல் வெளியே விடாதவர். வருகிற பருவத்தில் ஏழு நாள் நெடுநடை ஒன்று ஏற்பாடாகியிருந்தது. ஏழு நாளுக்கும் யார் சாப்பாட்டுப் பொறுப்பு? அந்தப் பதவிக்காகத் தராசு மூன்று வருடமாகத் தவம் கிடக்கிறார். ஏழு நாள், ஆறு பேர், இருபது வேளை! அத்தனையும் தன் தராசில் ஏறி இறங்குவதை நினைத்தாலே அவருக்குக் கண் சொருகும். நர்ஸ் வீட்டு முன்னறையில் நடந்த கூட்டத்தில்தான் எழுந்து நின்று, இருநூற்று எண்பதையும் சரக்கு லாரியையும் முழங்கினார். முழங்கும்போது ‘லாரி’ என்ற சொல்லை, மூலையில் உட்கார்ந்திருந்த தன் மனைவியின் தம்பி பக்கமாகத் திருப்பிவிட்டார். அவன் லாரி மெக்கானிக்.

“நீங்களே ஒரு ராத்திரிக்குச் சாப்பாடு போடுங்க சார். நாலு பேர் போய்ப் பார்ப்போம்” என்றார் நர்ஸ். “அது சரியா வந்தா ஏழு நாளும் உங்க கையில.”

“சிஸ்டர், நான் மூணு வாரமா வீட்ல பரிசோதனை பண்ணிட்டுத்தான் பேசுறேன். தினமும் ராத்திரி அம்பத்திரண்டு கிராம் சூப்பு. பசின்னா என்னன்னே மறந்துபோச்சு.”

இது பொய்யா? சத்தியமாகப் பொய் இல்லை. அதில்தான் இந்த இனத்தின் மகத்துவமே இருக்கிறது. மூன்று வாரமாகத் தினமும் ஏழு மணிக்கு அவர் மேசையில் தனியாக உட்கார்ந்து, ஐம்பத்திரண்டு கிராம் பொடியில் வெந்நீர் ஊற்றி, பயபக்தியோடு குடித்து, “நிறைவு” என்று நோட்டில் எழுதுவார். எழுதிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவச் சமையலறைக்குள் போவார். உள்ளே அடுப்புமேடையில் வீட்டாருக்காகச் சமைத்தது மூடியிருக்கும். உப்பு சரியாக இருக்கிறதா என்று ஒரு கரண்டி பார்ப்பார். சந்தேகம் தீராமல் இன்னொரு கரண்டி. சந்தேகம் தீரும்போது பாத்திரம் தீர்ந்திருக்கும். அது பரிசோதனையில் சேராது, ஏனென்றால் அது நிறுக்கப்படவில்லை. நிறுக்காத ஒன்று எப்படி வயிற்றுக்குள் போயிருக்க முடியும்?

மனைவிக்கு மட்டும் கணக்கு தெரியும். மூன்று வாரமாக அவள்தானே இரண்டாவது தடவை உலை வைத்தாள்! கிளம்புவதற்கு முந்தின நாள் தம்பியைப் பின்வாசலுக்கு வரச்சொல்லி ஒரு துணி மூட்டையைக் கொடுத்தாள்.

“என்னக்கா இது, இந்தக் கனம் கனக்குது?”

“அவிச்ச உருளைக்கிழங்கு, இருபது. வெங்காயம், உப்பு, ரெண்டு ரொட்டி. மாமாகிட்ட மூச்சு விடாதே.”

“தெரிஞ்சா கொன்னுடுவாரேக்கா.”

“உங்க மாமா பரீட்சையில காப்பியடிச்சுப் பாஸானவரு. அங்க காப்பியடிக்க அடுப்பங்கரை இல்லை. தூக்கிட்டுப் போடா.”

மறுநாள் மலையடிவாரத்தில் தராசு எல்லார் பையையும் கொக்கித்தராசில் மாட்டி நிறுத்தார். தன் பையைத் தூக்கிப் பூச்செண்டு போல ஆட்டிக் காட்டினார். குழுவில் நாலாவது ஆளான பூகோள வாத்தியாரின் பையிலிருந்து ஒரு கம்பளி மேல்சட்டையை எடுத்து வண்டியிலேயே போட்டார். மெக்கானிக்கின் பையை மாட்டியதும் கொக்கி வளைந்தது.

“என்னடா மச்சான் இது?”

“டூல்ஸு மாமா. மெக்கானிக்கு டூல்ஸ் இல்லாம வெளிய போனா வெளங்குமா?”

“மலையில என்னடா ரிப்பேர் பண்ணப்போறே?”

“எதாவது வரும் மாமா” என்றான் அவன்.

தராசு தலையில் அடித்துக்கொண்டார். வழிநெடுக, “லாரி வருது, வழி விடுங்க” என்று மைத்துனனைக் கேலி பேசியபடியே ஏறினார். மூச்சு வாங்கி ஏழு இடத்தில் நின்றது லாரி அல்ல என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஓடையோரம் கூடாரம் அடித்தார்கள். ஆறு மணிநேர ஏற்றம். நாலு வயிறும் நாலு கிணறு. தராசு சின்ன அடுப்பைப் பற்றவைத்து, பொட்டலங்களை வரிசையாக அடுக்கி, ஒரு பொட்டலத்தை மோந்து பார்த்து இது பால்பொடி, இன்னொன்றை நக்கிப் பார்த்து இது சூப்பு என்று தீர்மானித்து, ஆளுக்கு ஒரு குவளை பரிமாறினார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? நாலே வாயில் முடிந்தது. எல்லாரும் அடுத்த பாத்திரத்துக்காக அடுப்பைப் பார்த்தார்கள். அடுப்பில் தேநீர்ப் பொட்டலங்களைச் சுடுதண்ணீரிலிருந்து விரலால் பிடிக்கத் தராசு முயன்றுகொண்டிருந்தார். ‘ஆ’ என்று ஒரு விரல், ‘ஊ’ என்று ஒரு விரல்.

“இது சாப்பாட்டுக்கு முன்னாடி குடிக்கிற சூப்பா சார்?” என்று வாத்தியார் நம்பிக்கையோடு கேட்டார்.

“இதுதான் சாப்பாடு.”

வாத்தியார் குவளைக்குள் விரலை விட்டு வழித்தார். பிறகு காலியான பொட்டலத்தைக் கிழித்து உட்புறத்தை நக்கினார். பூகோளம் படித்தவர், பாலைவனம் எப்படியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

“ஆஸ்பத்திரியில மூணாம் வார்டுல இதைவிட அதிகமாக் குடுப்போம்” என்றார் நர்ஸ். “அவங்களுக்கு வயித்துல ஆபரேஷன்.”

அப்போதுதான் மெக்கானிக் எழுந்துபோய் டூல்ஸை எடுத்துவந்தான். மூட்டை அவிழ்ந்தது. மஞ்சள் வெளிச்சத்தில் இருபது உருளைக்கிழங்கும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

தராசின் முகத்தை நான் எப்படி வர்ணிப்பேன்? “எவ்வளவு எடைடா இது?” என்றார்.

“தெரியலையே மாமா. அக்கா கண்ணளவுல போட்டா.”

“கண்ணளவா!”

“சாப்பிடுங்க மாமா.”

“எனக்கு வேண்டாம். எனக்கு நிறைஞ்சிருக்கு” என்று சொல்லி, அந்தப் பொய்யை நிரூபிப்பதற்காக ஒரு ஏப்பமும் விட முயன்றார். காற்று வந்தது. வாய்ப்பக்கம் அல்ல, வயிற்றுக்குள் ஒரு நீண்ட உறுமலாக. வாத்தியார் புதரைத் திரும்பிப் பார்த்தார். தராசு முகத்தைத் திருப்பிக்கொண்டு கூடாரத்துக்குள் போய்ப் படுத்தார். வெளியே வெங்காயம் நறுக்குகிற சத்தம் கேட்டது. மூன்று பேரும் ஆளுக்கு மூன்று கிழங்கு சாப்பிட்டார்கள். மிச்சம் பதினொன்றை மூட்டையாகக் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டார்கள்.

விடிந்தது. மூட்டையை நர்ஸ் அவிழ்த்து எண்ணினார். ஆறு.

“எலி” என்றார் தராசு, யாரும் கேட்காமலே. “மலை எலி. ரொம்பப் பொல்லாதது.”

நர்ஸ் ஓட்ஸுக்காகத் தராசின் சமையல் பையைத் திறந்தார். உள்ளே இருந்த கண்ணாடிப் பொட்டலங்களில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஐந்து உருளைக்கிழங்கின் தோல், கிழியாமல் உரித்து, அழகாக மடித்து, காற்றுப் புகாமல் மூடி வைக்கப்பட்டிருந்தது. காட்டில் குப்பை போடக்கூடாது என்பதில் எடைப்பித்தர்கள் கண்டிப்பானவர்கள்.

“நல்ல எலி” என்றார் நர்ஸ். “தோலை உரிச்சுத் தின்னுட்டு, குப்பையையும் கையோட எடுத்துட்டுப் போகுது.”

மெக்கானிக் சிரிக்கவில்லை. மாமாவுக்கு எதிரே சிரிக்கக்கூடாது என்பதற்காக ஓடைக்குப் போய்த் தலையைத் தண்ணீருக்குள் விட்டுச் சிரித்தான்; குமிழிகள் வந்தன. பசி வந்திடப் பத்தும் பறந்துபோம் என்று சொன்ன பெரியவர்களுக்கு, பதினொன்றாவதாகத் தராசும் பறக்கும் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

அடிவாரத்தில் இறங்கியதும் நர்ஸ் தீர்ப்பை இரண்டே வரியில் சொன்னார். “ஏழு நாள் சாப்பாட்டுக்கு மெக்கானிக் தம்பி பொறுப்பு. சார் எல்லார் பையையும் நிறுத்துச் சொல்லட்டும், அது அவருக்கு நல்லா வருது.”

மூன்று வருடத் தவம். தராசு கொக்கித்தராசைப் பைக்குள் ஆழமாகச் செருகிக்கொண்டார்.

வாசகரே, சிரித்தது போதும். உங்களை ஒன்று கேட்க வேண்டும். மேலே ஐந்து பொட்டலங்களின் எடையைச் சொன்னேனே, அங்கே ஒரு நொடி நின்று, மனதுக்குள் கூட்டிப் பார்த்தீர்களா? ஒரு கிராம் குறைகிறது என்று ஒரு சின்னச் சந்தோஷம் வந்ததா? கூட்டாதவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். கூட்டியவர்கள் இன்றைக்கு ராத்திரி சமையலறைக்குள் கிண்ணம் கழுவப் போகும்போது, கூடவே ஒரு சாட்சியை அழைத்துக்கொண்டு போவது நல்லது.

ஏழு நாள் நடைக்குக் கிளம்புகிற அன்று காலையில் தராசு வழக்கம்போல மேசையில் செய்தித்தாளை விரித்தார். காலுறையை நிறுத்தார், சீப்பை நிறுத்தார், மூக்குக் கண்ணாடியின் கூட்டை நிறுத்து வீட்டிலேயே வைத்தார். பிறகு அடுப்பங்கரைக்குப் போனார். அன்று விடியற்காலையில் தன் கையாலேயே அவித்து ஆறவைத்த எட்டு உருளைக்கிழங்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு, மின்தராசுக்கு முதுகைக் காட்டியபடி மேசையைக் கடந்துபோய், பையின் அடியில் வைத்து, அதன்மேல் சட்டையை அமுக்கினார்.

வாசற்படியில் நின்றிருந்த மனைவி கேட்டாள்:

“அதை நிறுக்கலையா?”

“எதை?” என்றார் தராசு.