ஜன்னலுக்கு நாலரை மதிப்பெண்

திருச்சி மாவட்டத்தில் வெறுப்பை அரை மதிப்பெண் பிசகாமல் அளக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அளவுகோல்.

தென்னூரில் ஒரு மாடியில் எங்கள் ஆய்வு மையம். தீவிரவாதப் பேச்சு எப்படிப் பரவுகிறது, அதையும் மீறி அக்கம்பக்கத்தார் எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று ஆராய்வது வேலை. நான் அறிக்கைகளைத் திருத்துபவன். அளவுகோல் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புபவர். காதில் விழும் பேச்சில் எவ்வளவு வெறுப்பு என்று பூஜ்யம் முதல் ஐந்துவரை மதிப்பெண் போட வேண்டும். வேலை நேரம் முடிந்த பிறகும் அவரால் நிறுத்த முடியவில்லை.

பொன்மலை பஸ்ஸில் கண்டக்டர், "உள்ள போய்யா, எருமை மாதிரி நிக்கிற" என்றார். அளவுகோல் பையிலிருந்து பரீட்சை அட்டையை எடுத்தார்.

"மனுஷனை விலங்கோட ஒப்பிட்டிருக்கீங்க. மூணு. சிரிச்சிக்கிட்டே சொன்னதால அரை குறைக்கிறேன்."

அடுத்த நிறுத்தத்தில் அவரை இறக்கிவிட்டார்கள். அதற்கு நாலு போட்டதாக மறுநாள் சொன்னார்.

அவர் மாமியார் போனில் பேசுவது? "ஒன்றரைதான் சார். ஆனா தொடர்ச்சியா இருக்கு."

மையத்தைத் தொடங்கியவர்கள் இருவர். இயக்குநர் மேடம் ஸ்ரீரங்கத்துக்காரர். யூசுப் சார் புள்ளிவிவரம் பார்ப்பவர். அவர்களுடைய பன்னிரண்டு வருட நட்பு ஒரு ஜன்னலில் முறிந்தது. மேடத்துக்குக் காற்று வேண்டும். காற்று வந்தால் யூசுப் சாரின் தாள்கள் பறக்கும். ஒருநாள் அவர் ஜன்னலை டேப் போட்டு ஒட்டினார். மேடம் கத்தரிக்கோலை எடுத்து வந்து வெட்டினார். அதன் பிறகு பத்தடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ஈமெயிலில் பேசிக்கொண்டார்கள். நல்லிணக்கம் பற்றிய அறிக்கை பாதியில் நின்றது. யூசுப் சார் ராஜினாமாக் கடிதம் எழுதி, பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். அவர் போனால் மையம் இல்லை. கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லாததுதான் என்னைப் பயமுறுத்தியது.

அளவுகோலிடம் சொன்னேன். "நாலரை" என்றார். "நாலைத் தாண்டினா விதிப்படி ரெண்டு தரப்பையும் தனித்தனியா பேட்டி எடுக்கணும்."

எடுத்தார். ரகசியம் காக்கப்படும் என்று வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, இருபது கேள்விகளையும் கேட்டார். விதிப்படி பெயர்களை நீக்கினார். மேடத்தின் படிவத்தை, பதிவு செய்வதற்காக யூசுப் சார் மேஜையில் வைத்தார். யூசுப் சாருடையதை, சரிபார்ப்பதற்காக மேடம் மேஜையில் வைத்தார். அதுவும் விதிதான்.

"என்னய்யா இது? பெண், ஸ்ரீரங்கம், இயக்குநர்னு போட்டிருக்கு?" என்றார் யூசுப் சார்.

"பேரை எடுத்துட்டேனே சார். யாருன்னு யாருக்கும் தெரியாது."

யூசுப் சார் பத்தொன்பதாம் கேள்விக்கு வந்தார். எதிர்த்தரப்பு உங்களுக்குச் செய்த நன்மை ஏதாவது? 'அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த எட்டு நாளும் வந்து, அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டினார்.'

மேடம் கையிலிருந்த படிவத்தில் அதே கேள்விக்கு: 'நோன்பு மாதத்தில் என் முன்னால் தண்ணீர் குடிக்க மாட்டார். மாடிப்படிக்குப் போய்க் குடிப்பார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.'

பிறகு யூசுப் சார் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். தாள்கள் பறந்தன. மேடம் குனிந்து பொறுக்கினார்.

"இதுல பக்க எண்ணே இல்லையே, யூசுப்."

"பறக்கும்னு தெரிஞ்சிருந்தா போட்டிருப்பேன், மேடம்."

அளவுகோல் பரீட்சை அட்டையோடு என்னிடம் வந்தார். "சார், இதுக்கு எவ்வளவு போடுறது? பூஜ்யத்துக்குக் கீழ கட்டமே இல்லையே."

இப்போது அளவுகோல் வேலை மாறி டெல்லியில் இருக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்வார். ஒரே கேள்விதான்: "சார், ஜன்னல் திறந்திருக்கா?"

போன வாரம் நல்ல மழை. மூடி வைத்திருந்தோம். போன் வந்தது. எழுந்துபோய்த் திறந்துவிட்டு, நனைந்த கையோடு, "திறந்திருக்கு" என்றேன்.