இடது பக்க டிரைவர் செத்துப்போன மூன்று ஹெட்போன்கள்

கிருமாம்பாக்கம்,
கார்த்திகை 4, செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளை செந்தில்நாதன் அவர்களுக்கு, மாமனார் வேணு எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தை கமலவேணியும் சௌக்கியம். கறவை மாடு ஒன்றும், ஆம்ப்ளிஃபயர் இரண்டும், குழாய் ஸ்பீக்கர் ஆறும் அப்படியே சௌக்கியம். பெங்களூரில் நீங்களும் கீர்த்திகாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். வழக்கமாக மழை, விளைச்சல் என்று நாலு வரி எழுதிவிட்டுத்தான் வருவேன். இன்று அதற்குப் பொறுமை இல்லை.

கண்டுபிடித்துவிட்டேன் மாப்பிள்ளை. உங்கள் வேலை போகாது.

நேற்று கீர்த்திகா போனில் அழுதுகொண்டே சொன்னது பாதிதான் விளங்கியது. இந்த போனும் இப்போதெல்லாம் சரியாகக் கேட்பதில்லை. அதனால்தான் கடிதம். விளங்கிய பாதி இதுதான்: நீங்கள் கடைசிப் பரிசோதனை செய்து முத்திரை குத்துகிற அதே ஹெட்போனை, என் அறுபதாம் கலியாணத்துக்கு நீங்கள் ஆசையாகக் கொடுத்ததை, இடது பக்கம் பாடவில்லை என்று நான் இரண்டு முறை திருப்பியனுப்பி மாற்றி வாங்கினேன். மூன்றாவதும் பாடவில்லை என்று நான் எழுதிப்போட, உங்கள் மானேஜர் பழைய காகிதத்தை எல்லாம் புரட்டி, குறையே இல்லாத பொருளை மாமனாரும் மாப்பிள்ளையும் பேசிவைத்துக்கொண்டு புதிது புதிதாக மாற்றி வாங்குகிறார்கள் என்று உங்களுக்கு மெமோ கொடுத்துவிட்டார். அடுத்த திங்கட்கிழமைக்குள் விளக்கம் கொடுக்காவிட்டால் சீட்டுக் கிழிந்துவிடும். இதுதானே? கவலையை விடுங்கள். குறை இருந்தது, அது என்ன குறை, எங்கே ஒளிந்திருந்தது என்பதையெல்லாம் ஆதாரத்தோடு கீழே எழுதுகிறேன். இதை மானேஜரிடம் நீட்டினால் மெமோவை வாங்கிக்கொண்டு உங்களுக்குப் பதவி உயர்வே கொடுப்பார்.

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும், கட்டுமானத்தில் உங்கள் ஆட்களை அடிக்க முடியாது. தலைமேல் வளைந்து போகிற அந்த மக்னீசியப் பட்டை என்ன, காதில் பட்டதும் பட்டது தெரியாத ஆட்டுத்தோல் மெத்தை என்ன, தேக்கை மிஞ்சுகிற மரக்கிண்ணம் என்ன, நான் முதல் நாள் பாட்டே போடாமல் ஒரு மணி நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது ஹெட்போன் ஏம்பலம் வளைவில் டெம்போவிலிருந்து விழுந்தது. பின்னால் வந்த கரும்பு டிராக்டர்காரன் பிரேக் போட்டதால் பிழைத்தது. ஓடிப்போய் எடுத்துப் பார்த்தால் ஒரு கீறல், அவ்வளவுதான், பட்டை இம்மி நெளியவில்லை. அது மூன்று நாள் அடுப்படிக்கு மேலே பரணில் கிடந்தது, அதில் பெட்டைக்கோழி ஏறி அடைகாக்கப் பார்த்தது, அதற்கும் அசையவில்லை. ஆக உடம்பு இரும்பு. உயிர்தான் இல்லை. உயிர் என்று நான் சொல்வது டிரைவர், காதோரம் இருந்து பாடுகிற அந்தச் சவ்வும் காந்தமும், எங்கள் குழாய் ஸ்பீக்கரில் நாங்கள் யூனிட் என்போமே அதேதான். வலது டிரைவர் மூன்றிலும் தேன். இடது டிரைவர் மூன்றிலும் பிணம்.

இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. முப்பத்து நாலு வருஷமாக மைக் செட் கட்டுகிறவன். கட்டி முடித்ததும் இடது காதைக் குழாயின் வாயில் வைத்துக் கரகரப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வலது கையால் ஆம்ப்ளிஃபயரைத் திருகி, செட்டைச் சரிசெய்கிற ஆள். பாகூர் கொம்யூன் ஊர்களில் எல்லாம் என் காதை நம்பித்தான் கலியாணத்துக்கும் காரியத்துக்கும் கூப்பிடுகிறார்கள். வயரை மாற்றிப் பார்த்தேன், பாட்டை மாற்றிப் பார்த்தேன், பிளக்கை எச்சில் தொட்டுத் துடைத்துக்கூடப் பார்த்தேன். காதை மாற்றிப் போட்டுவிட்டேனோ என்று நீங்கள் சந்தேகப்படவே வேண்டாம். எல் என்று எழுதியிருக்கிற பக்கம் இடது காதுக்குத்தான் என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து மாறியதே இல்லை. அந்த எழுத்து கடுகளவு இருந்து கண்ணுக்குத் தெரியாததால், ஆயுத பூஜை அன்று ஆம்ப்ளிஃபயருக்கும் மைக்குக்கும் வைத்த கையோடு இதன் இடது கிண்ணத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டேன். பொட்டு வைத்த பக்கம் இடது காது. பூஜை போட்ட சாமானைத் தலைகீழாக மாட்டுகிற பழக்கம் நம் வீட்டில் கிடையாது. மாற்றி வந்த ஒவ்வொன்றுக்கும் நல்ல நேரம் பார்த்து அதே இடத்தில் பொட்டு வைத்தேன். வேறு யார் காதிலும் மாட்டவும் விட்டதில்லை. அத்தை இரண்டு முறை கேட்டார், தலை நிறைய எண்ணெய், மெத்தை வீணாகிவிடும் என்று மறுத்துவிட்டேன்.

இந்தச் செத்த டிரைவரால் எனக்கு நேர்ந்த அவமானத்தைக் கேளுங்கள். ஏம்பலத்தில் காதணி விழா. மண்டபத்தில் இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் பெட்டி வைத்து, மாற்றி வந்த மூன்றாவது ஹெட்போனை மாட்டிக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்தேன். இடது பக்கம் சத்தம் குறைவாக வந்தது. கொஞ்சம் ஏற்றினேன், போதவில்லை, இன்னும் ஏற்றினேன், ஹெட்போனில் ஏதோ முனகல் மாதிரிதான் வந்தது, ஆனது ஆகட்டும் என்று முழுக்க ஏற்றிவிட்டுப் பார்த்தால் இடது பக்கப் பந்தியில் இருந்தவர்கள் எல்லாம் இலையோடு எழுந்து வலது பக்கம் நடக்கிறார்கள். ஆசாரி ஊசி குத்தியபோது அழாத குழந்தை, இடது பெட்டியைப் பார்த்துப் பார்த்து அழுகிறது. தாய்மாமன் முத்துசாமி மடியில் குழந்தையோடு அங்கிருந்தே கத்தினார்.

"யோவ் வேணு, காது குத்தறது கொழந்தைக்கா எங்களுக்கா? கொறய்யா அத."

பண்டசோழநல்லூர் பாக்யராஜ் டி.ஜே. செட் வைத்திருக்கிறான், எப்போது என் பார்ட்டிகளைப் பிடிக்கலாம் என்று காத்திருக்கிறவன், அவனும் சாப்பிட வந்திருந்தான். பக்கத்தில் வந்து நின்று, "இன்னாண்ணே, ஒரு பக்கமாவே அடிக்குது, நெசமாவே கேக்கலியா?" என்றான். "ஹெட்போன் கோளாறுடா, கம்பெனி சரியில்ல" என்று சொன்னேன். உங்கள் கம்பெனியைச் சொன்னதற்கு மன்னிக்கவும், மானம் போகிற நேரத்தில் வேறு என்ன சொல்வது. அன்று சாயங்காலமே சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டேன். கல்பனா என்ற பெண் எடுத்தாள்.

"சார், நீங்க அனுப்பின ரெண்டையும் டெஸ்ட் பண்ணிட்டோம் சார். ரெண்டு சைடும் ஓகே சார்."

"இன்னாம்மா ஓகே? காத வச்சிப் பொழைக்கிறவன் சொல்றேன், லெஃப்ட்டு செத்துக்கெடக்குது. டெஸ்ட் பண்ண ஆளுக்கு மொதல்ல காத டெஸ்ட் பண்ணுங்க."

அந்த டெஸ்ட் பண்ணிய ஆள் நீங்கள்தான் என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை. அவள் அதையும் எழுதி மேலே அனுப்பிவிட்டாள் போலிருக்கிறது.

இனி கண்டுபிடிப்பு. இன்று காலை குளித்து, வெள்ளை வேட்டியை விரித்து, மூன்றாவது ஹெட்போனின் இடது கிண்ணத்தைக் கழற்றினேன். வாரண்டி போகட்டும், மாப்பிள்ளையின் வேலைதான் முக்கியம். ஐந்து ஸ்க்ரூ, ஐந்தும் ஒரே அளவு இறுக்கம், அதைத் திருகிய கைக்கு ஒரு கும்பிடு. உள்ளே வெங்காயச் சருகைவிட மெல்லிய சவ்வு. நாள் முழுக்கப் பார்க்கலாம். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன், பார்த்தேன், கடைசியில் சவ்வின் ஓரத்தில் சுருண்டு கிடந்தான் திருடன். ஒரு முடி. மாப்பிள்ளை, ஒற்றை முடி. அது சவ்வை அசையவிடாமல் அழுத்திக்கொண்டு கிடந்திருக்கிறது. எடுத்த பிறகும் பாடவில்லை, காரணம் நாள்பட்ட அழுத்தத்தில் டிரைவர் ஏற்கெனவே செத்துவிட்டது. ஒட்டுகிற இடத்தில் யாரோ தொப்பி போடாமல் வேலை செய்திருக்கிறார்கள், மூன்றிலும் அதே ஆள்தான். அந்த முடியைப் பாலிதீன் உறையில் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மானேஜர் ஆட்களை வரிசையாக நிறுத்தி ஒத்துப்பார்க்கட்டும். எனக்குச் சந்தோஷத்தில் காலைச் சாப்பாடு இறங்கவில்லை. அத்தை உறையைத் தூக்கிப் பார்த்து, "இது உங்க மீசை மாதிரியே இருக்குது" என்றார். அவருக்குத் தொழில் தெரியாது.

திங்கட்கிழமை நிமிர்ந்து நின்று பேசுங்கள். என் மகளைக் கட்டியவர் தப்பு செய்யாதவர் என்று எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரிய வேண்டும். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், சொன்ன சொல் சபையேறி, நீண்ட நாள் நன்றாக இருக்க எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
அ. வேணு,
கமலவேணி ஒலி ஒளி அமைப்பகம்.

பின்குறிப்பு (வியாழக்கிழமை):

மாப்பிள்ளை, மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம். உறையை ஒட்டக் கோந்து எடுத்துவர நான் தோட்டத்துப் பக்கம் போயிருந்தபோது, உங்கள் அத்தை, கிண்ணத்தை மறுபடி பூட்டி நான் வைத்திருந்த ஹெட்போனை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் திட்ட வாயெடுப்பதற்குள், "ரெண்டு பக்கமும் கணீர்னுதான் கேக்குது, எதுக்கு அந்தப் புள்ள வேலைய கெடுக்கறீங்க?" என்றார். நான் வாங்கி மாட்டினேன். இடது செத்துத்தான் கிடந்தது. அவர் என் தலையிலிருந்து அதை எடுத்து, பொட்டு வைத்த பக்கம் வலது காதில் வரும்படி திருப்பி மாட்டினார். பிணம் என்று நான் எழுதிய டிரைவர் பாடியது. மூன்று மாதமாக நான் கேட்ட அதே பாட்டில் இன்னொரு வயலின் இருக்கிறது மாப்பிள்ளை. அது முழுக்க அந்தப் பக்கம்தான் இருந்திருக்கிறது. நான் உட்கார்ந்து அழுதேன்.

நேற்று பாண்டியில் காது டாக்டர் செல்வகுமாரி அம்மாவைப் பார்த்தோம். இடது காதில் நரம்பு போய்விட்டதாம், பல வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறதாம், குழாய்ச் சத்தத்தால்தானாம், இனி வராதாம். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு டாக்டர் சீட்டை மட்டும் அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். அத்தைதான், "ரெண்டையும் அனுப்புங்க. இந்த மனுஷன் நெசமாவே கேக்காமத்தான் சண்ட போட்டாருன்னு லெட்டர படிச்சாத்தான் நம்புவாங்க" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

சீட்டு உள்ளே இருக்கிறது. ஊரில் இது தெரிந்தால் என்னை எவன் செட் கட்டக் கூப்பிடுவான் என்று டாக்டர் அம்மாவிடம், தொழில் என்கிற இடத்தில் விவசாயம் என்று எழுதச் சொன்னேன். எழுதிவிட்டார். வாசல்வரை வந்ததும், விவசாயிக்கு எப்படிக் குழாய்ச் சத்தத்தில் காது போகும் என்று மானேஜர் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று தோன்றியது. திரும்பிப் போய் அதை அடித்துவிட்டு மைக் செட் என்று எழுதி, பக்கத்தில் டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வந்திருக்கிறேன். யார் கேட்டாலும் காட்டுங்கள்.