இடம் மாறிய மூக்குத்தி

கடகட, கடகட, கடகட.

கண்ணைத் திறக்காமலே தெரிந்துவிட்டது, கிரைண்டர். அது ஓடினால் என் கம்ப்யூட்டர் ஓடாது. எங்கள் வாடகை வீட்டில் பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்றுதான்.

எனக்கு கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனியில் நைட் ஷிப்ட். ராத்திரி முழுக்க ஒரே நிறம், சிவப்பு. உலகத்தில் மற்ற நிறங்களும் இருக்கின்றனவா என்று பார்க்கத்தான் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப் படம் வரையக் கற்றுக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொடுக்க ஆளில்லை. பழவேற்காட்டு ஓவியர் ஜபீன் நெட்டில் போடும் படங்களை இறக்கி, கோடு கோடாகப் பார்த்து வரைவேன். வீட்டில் எனக்கு மவுசு கிடையாது. மவுஸ்தான் உண்டு.

ஆகவே போன வாரம் சபதம் எடுத்தேன். இனி சாயந்தர பிளக் எனக்கே! அதற்கு லஞ்சமாக மனைவி சந்திரகலாவை வரைய உட்கார்ந்தேன். பூசணிக்காய் வந்தது. வேறு வழியில்லாமல் ஜபீன் வரைந்த பெண்ணுக்கே பச்சைப் புடவை கட்டி, அடையாளம் தெரியாமலிருக்க ஒரே கிளிக்கில் இடம் வலமாகத் திருப்பி, பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் போட்டுத் தலையணைக்கடியில் வைத்திருந்தேன்.

"இந்தா கலா, உன்ன வரைஞ்சி கீறேன்."

கிரைண்டரை நிறுத்தினாள். நல்ல சகுனம்.

"நானா இது?"

"நீயேதான்! உன் பேர்லயே கலை கீதே. சாயந்தரம் பிளக் பாயிண்ட்ட எனக்கு உட்டுட்டா வாரம் ஒண்ணு வரைவேன்."

"மூஞ்சி சோக்காத்தான் கீது. இன்னாய்யா, மூக்குத்தி இடது பக்கம் கீது? எனக்கு வலது பக்கமாச்சே?"

"அது... நீ கண்ணாடில பாக்குற மாதிரி வரைஞ்சேன்."

இவ்வளவு அறிவு எனக்குள் எங்கே இருந்தது என்று நானே வியந்தேன். அரை நிமிஷம்தான்.

"அப்டியா?" படத்தைக் கொண்டுபோய் பீரோ கண்ணாடிக்கு முன்னால் பிடித்தாள். மூக்குத்தி வலது பக்கம் வந்தது. கூடவே, நான் அழிக்க மறந்த மூலைக் கிறுக்கலும் நேரானது.

"ஜ... பீன். யாருய்யா ஜபீன்?"

"நான் மதிக்கிற ஓவியரு. பாத்ததுகூட இல்ல, சத்தியமா! படத்தப் பாத்து கத்துக்கினு கீறேன்."

"பாத்தா எப்டி வரும்?"

"நாம மதிக்கிறவங்க வேலைய உக்காந்து பாக்கணும். பாத்து அதே மாதிரி செஞ்சிக்கினே இருந்தா கை படிஞ்சிடும்."

"என்ன மதிக்கிறியா?"

மூக்குத்தி ஊசியைவிடக் கூரான கேள்வி.

"இன்னா கலா இப்டி கேட்டுட்ட? உசுருக்கு மேல!"

"அப்ப உக்காரு. எம் வேலையப் பாத்துச் செய்யி. கை படியட்டும்."

சோற்றுப் பருக்கை தடவி, படத்தைக் கிரைண்டருக்கு நேரே சுவரில் ஒட்டினாள்.

"உன் ஜபீன் பாத்துக்கினே இருக்கட்டும். ஒழுங்கா தள்ளு."

சுவிட்சைப் போட்டாள். ராத்திரி சிவப்பு, சாயந்தரம் வெள்ளை. கையை நனைத்துக்கொண்டு, ஓரத்தில் ஒட்டிய உளுந்தை வழித்து உள்ளே தள்ளினேன்.