ரோஜாவுக்குச் சக்கை வைத்தியம்

மனைவி மகள் வீட்டிலிருந்து திரும்ப இன்னும் நாலே நாள். மாடி ரோஜாச்செடியோ மாவில் புரண்டெழுந்ததுபோல் வெள்ளை நோய் பூத்து நின்றது. ஓய்வுபெற்ற மேஸ்திரி செடியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

சாதாரணச் செடியா அது? ஒயின் ஆலையில் சேர்ந்த புதிதில், முதல் சம்பளத்தில் அவளுக்கு வாங்கிக் கொடுத்தது. முப்பத்தொரு வருஷம்! "பெத்ததுகூடப் பேச்சைக் கேக்கல, இது கேக்குது" என்பாள்.

ஆலையின் ஆய்வுக்கூடத்து அம்மாளுக்குப் போன் போட்டார்.

"பிழிஞ்ச திராட்சைச் சக்கையை ஊறவெச்சு, வடிகட்டி, நிறையத் தண்ணி கலந்து தெளிங்க. எதிரி வந்துட்டான்னு நெனச்சு செடியே கவசம் மாட்டிக்கும். ஆனா இதெல்லாம் வருமுன் காக்கிற வேலை..."

கடைசி வாக்கியம் காதில் விழுவதற்குள் மேஸ்திரி ஆலை வாசலில் நின்றார், வாளியோடு.

வீட்டில் மூடியைத் திறந்ததும் அந்தப் புளித்த வாசனை குப்பென்று அடித்தது. ஊதாக் கறை படிந்த கைகளோடு வீடு திரும்பிய சாயங்காலங்கள். "அங்கேயே நில்லுங்க!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு, பிறகு அவளே சோப்பு போட்டுத் தேய்த்துவிடுவாள். கறை போனபிறகும் கையை விடமாட்டாள்.

கண் கலங்கிய வேகத்தில் தண்ணீர் கலக்க மறந்து, கெட்டிச் சாற்றையே தெளித்துவிட்டார்.

காலையில் ஊர்ப்பட்ட எறும்பும் ஈயும் செடியில். சோப்புத் தண்ணீர் அடித்தார்; இலை கருகியது. வெயில் படாமலிருக்க பாலிதீன் போர்த்தினார். உள்ளே செடி வெந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். "என்ன மேஸ்திரி, வீட்லயே காய்ச்சுறீங்களா? எனக்கும் ஒரு பாட்டில் எடுத்து வைங்க."

மனைவி போனில் கேட்டாள்: "செடி எப்படி இருக்கு?"

"உன்னையேதான் கேட்டுக்கிட்டிருக்கு."

மூன்றாம் நாள் வெறும் குச்சிதான் மிச்சம். தப்பிப் பிழைத்த ஒற்றை இலையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருக்கோடி நர்சரிக்கு ஓடினார்.

நர்சரிக்காரர் இலையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. உள்ளே போய் ஒரு தொட்டியைத் தூக்கி வந்தார். அதே உயரம், அதே நிறம்.

மேஸ்திரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, என் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியக்கூடாது. அவ மனசு தாங்காது. சத்தியம் பண்ணுங்க!"

"கவலைப்படாதீங்க மேஸ்திரி. 'அவருக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிடும்'னு உங்க வீட்டம்மா இதே சத்தியத்தை என்கிட்ட நாலு தடவை வாங்கியிருக்காங்க."