ரோசம்மாவின் ஒட்டுமீன்

காசிமேடு மீன் சந்தையில் யாருமே வாங்காத மீனுக்காக வாதாடியவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் நிஜப்பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஒட்டு என்றால் ராயபுரத்துக்கே தெரியும்.

ஒட்டுமீன், உச்சந்தலையால் சுறாவின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு கடலெல்லாம் ஓசியில் சுற்றும் மீன். நம்மாள், மீன் விற்கும் ரோசம்மாவின் வீட்டோடு மாப்பிள்ளை. மனைவி இறந்தபிறகும் மாமியார் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. பெயர் வைக்க ஊருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

ரோசம்மா ஆகிருதியானவர். ஷேர் ஆட்டோவில் அவர் உட்கார்ந்தது போக மிச்சமிருக்கும் நாலு விரல் இடத்தில் ஒட்டு உட்காருவார். சந்தையில் ரோசம்மா விற்பார், இவர் பக்கத்தில் குந்தி மீனை வெட்டித் தருவார்.

"இன்னா நைனா, ஓசி சவாரி எப்டி கீது?" என்று கேட்டால் கோபப்படமாட்டார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு வகுப்பெடுப்பார்.

"ஓசியா? சுறா மேல கீற பூச்சிய யாரு துன்றது? சொறிஞ்சிக்க சுறாவுக்கு கை கீதா?"

ஒருநாள் பக்கத்துக் கடை இறால்காரர் செல்போனில் வீடியோ காட்டினார். ராட்சதத் திருக்கை ஒன்று நீந்துகிறது. முக்குளிக்கும் ஆள் நெருங்கியதும் மிரண்டுபோன ஒட்டுமீன், விருட்டென்று திருக்கையின் பின்பக்கத் துவாரத்துக்குள் புகுந்துகொள்கிறது. வால் மட்டும் வெளியே. திருக்கை ஒருமுறை சிலிர்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிறது. சந்தையே சிரித்தது.

ஒட்டு இரண்டு முறை பார்த்தார். "பயந்தா இன்னா பண்ணும்? தெரிஞ்ச எடத்துலதான் பூந்துக்கும்" என்றார்.

அந்த வாரமே அத்திப்பட்டிலிருந்து ரோசம்மாவின் மகன் வந்தான். சந்தை நடுவிலேயே சண்டையை ஆரம்பித்தான். ஒட்டு, நான் வாங்கி வெட்டக் கொடுத்திருந்த வஞ்சிரத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து, மாமியாரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். எங்களுக்குத் தெரிந்தது ஒரு முழங்கை மட்டும்.

"அக்காவே பூட்டா. இன்னும் இன்னாத்துக்கும்மா இவரு இங்க ஒட்டிகினு கீறாரு? வேற வூடு பாத்துகினு போவச் சொல்லு."

போ என்று ரோசம்மா ஒரு வார்த்தை சொன்னால் ஒட்டு போய்விடுவார்.

ரோசம்மா நிதானமாக மீன்மேல் தண்ணீர் தெளித்தார்.

"அவரு எங்கடா ஒட்டிகினு கீறாரு? நாந்தான் வுடாம புட்ச்சிகினு கீறேன். உங்கக்கா பேர அந்த வூட்ல என்னாண்ட சொல்லிப் பேசறதுக்கு அவர வுட்டா யாரு கீறா?"

மகன் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். ஒட்டு வெளியே வரவில்லை. அந்த முதுகுக்குப் பின்னாலிருந்து மூக்குறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. இறால்காரர், "குடு சார், நான் வெட்டித் தரேன்" என்றார். எனக்கு மனசு வரவில்லை. ஒட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு வரும்வரை நின்றிருந்தேன்.