கண்ணாடி டம்ளர் சக்கரவர்த்தி

'பார்த்தாலே தெரியும்' என்கிற ஓர் இனம் நம் நடுவே நடமாடுகிறது, உங்களுக்கும் பழக்கமானதுதான். பலாப்பழத்தைப் பார்த்தாலே சுளையின் ருசி தெரியும், பிள்ளையின் முகத்தைப் பார்த்தாலே காய்ச்சல் எத்தனை டிகிரி என்று தெரியும், பெண் பார்க்கப் போன வீட்டு வாசலைப் பார்த்தாலே மாமியாரின் குணம் தெரியும். தெர்மாமீட்டர், தராசு, டாக்டர் எல்லாம் கண் சரியில்லாத பாவப்பட்டவர்களுக்கு.

எங்கள் ஜவ்வாது மலையில் இந்த இனத்துக்குத் தலைவர் சக்கரவர்த்தி. ஊர்த் தண்ணீர்க் கமிட்டிக்கும் அவரேதான் தலைவர், வேறு யார்? எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தால் வாங்கவே மாட்டார். கண்ணாடி டம்ளர் வர வேண்டும். அதைச் சூரியனுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி, "சுத்தமான தண்ணி!" என்பார். தீர்ப்பு முடிந்தது.

மேட்டில் யாரோ பழைய பேட்டரிகளை உடைத்த வினை, அங்கன்வாடி போர்வெல் தண்ணீரில் ஈயம் இறங்கிவிட்டது. ஈயம் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. பிள்ளைகளின் மூளையைத்தான் தின்னும். அதற்காகப் புளியம்பழ ஓட்டைச் சுட்டுக் கரியாக்கி, டிரம்மில் நிரப்பி, தண்ணீரை அதன் வழியே விட்டார்கள். ஈயம் கரியில் ஒட்டிக்கொள்ளும். கரியில் இடம் தீர்ந்தால் நேரே டம்ளருக்கு வந்துவிடும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை கரியை மாற்ற வேண்டும். டீச்சர் புவனா மாற்றினார். அன்றைக்கென்று பார்த்துச் சக்கரவர்த்தி வந்து சேர்ந்தார்.

"இன்னா டீச்சர் இது? தண்ணி கன்னங்கரேல்னு வருது!"

"புதுக் கரிங்க. ரெண்டு நாள் தொறந்து வுட்டா தூளெல்லாம் கழுவிக்கினு பூடுங்க. அப்பறம்தான் புள்ளைங்களுக்குக் குடுப்பேன்."

"எனக்கே பாடமா? பழசு பளிங்கு மாதிரி வந்துக்கினு இருந்திச்சே, அத்த ஏன் மாத்துன?"

புதுக் கரி குப்பைக்குப் போயிற்று. மூட்டை கட்டி வைத்திருந்த பழைய கரி, சகல மரியாதைகளுடன் டிரம்முக்குத் திரும்பியது. பளிங்குத் தண்ணீர் வந்தது. ஊரே கைதட்டியது.

புவனா சும்மா இருக்கவில்லை. ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு திருப்பத்தூருக்கு பஸ் ஏறி, பரிசோதனைக்குக் கொடுத்தார். போன வாரம் முடிவு வந்தது: ஈயம், கரி வைக்குமுன் இருந்த அளவே இருக்கிறது.

சக்கரவர்த்தி காகிதத்தைப் படிக்கவில்லை. டம்ளரை உயர்த்தினார். "ஈயமா? எங்க, காட்டு பார்க்கலாம்!"

"கண்ணுக்குத் தெரியாதுங்க. அதாங்க பயமே."

"எனக்குத் தெரியாததா?" என்றவர், அங்கன்வாடியில் படிக்கும் தன் பேத்தியை மடியில் உட்காரவைத்து, ஊர் பார்க்க அந்த டம்ளரை அவள் வாயில் வைத்தார். குழந்தை தாத்தாவை நம்பி ஒரு சொட்டு விடாமல் குடித்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

நீங்களும் தலையில் அடித்துக்கொள்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டு பில்டரில் கரியை எப்போது மாற்றினீர்கள்?

அட, "தண்ணி நல்லாத்தானே வருது" என்று சொல்லத்தானே வாயைத் திறந்தீர்கள்?